‘சூராட்’ கையில் இருந்தால் நிலம் உங்களுடையது ஆகிவிடாது: மேடான் புறநகரில் மனை வாங்குவோருக்கு

சென்ற மாதம் மட்டும் மூன்று குடும்பங்கள், ஒரே மாதிரியான பிளாஸ்டிக் உறையைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு முன் வந்து அமர்ந்தன. மூன்று உறைகளிலும் இருந்தது சாமாட் எனப்படும் வட்டார அதிகாரியின் கையொப்பமும் முத்திரையும் உள்ள ஒரு தாள்தான். மூன்று மனைகளும் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குக் கிழக்கே, தெலி செர்டாங் மாவட்டத்தில், பழைய தோட்ட நிலங்களை ஒட்டி அமைந்தவை. முதல் இரண்டு குடும்பங்களுக்கும் பொறுமையாக விளக்கினேன். மூன்றாவதாக வந்த அக்கா, “பணத்த முழுசாக் குடுத்தாச்சு தம்பி, பேர மட்டும் மாத்திக் குடுங்க” என்று சொன்னபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பேரை மாற்றித் தருவதற்கு அந்த நிலத்தின் பதிவேட்டில் அவருக்கு விற்றவரின் பேரே இல்லை.

நில விற்பனைப் பத்திரம் எழுதும் அதிகாரம் பெற்ற நிலப்பத்திர அலுவலர் ஒருவரின் அலுவலகத்தில் ஆவணங்களைச் சரிபார்ப்பது பதினேழு ஆண்டுகளாக என் வேலை. எங்களிடம் வருபவர்களில் பலர் மேடானிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள். பினாங்கிலிருந்து இங்கே பெண்ணெடுத்தவர்களும் வேலைக்காக வந்து தங்கிவிட்டவர்களும் உண்டு. எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: “சூராட் இருக்குங்க.” இந்தோனேசிய மொழியில் சூராட் என்றால் வெறும் தாள், கடிதம், அவ்வளவுதான். பள்ளியில் பிள்ளைக்கு விடுப்புக் கேட்டு எழுதுவதும் சூராட். நாட்டின் நிலப்பதிவேட்டில் ஏறிய உரிமைச் சான்றிதழையும் பேச்சில் சூராட் என்கிறோம். இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை குடும்பங்களின் சேமிப்பு புதைந்து போயிருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, சாமாட் தாள் என்றால் என்ன என்பதை ஒருமுறை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். சாமாட் என்பவர் வட்டார நிருவாக அதிகாரி. இன்ன ஆள் இன்ன இடத்தில் உள்ள நிலத்தைப் பயன்படுத்தி வருகிறார், அதில் வழக்கோ தகராறோ இருப்பதாகத் தெரியவில்லை என்று கிராமத் தலைவர் எழுதிக் கொடுப்பதை அவர் அறிந்ததாகக் கையொப்பமிடுகிறார். அவர் நிலத்தை அளப்பதில்லை. அது ஏற்கெனவே வேறொருவர் பேரில் பதிவாகியிருக்கிறதா, தோட்டக் குத்தகை உரிமைக்குள் அடங்குகிறதா என்பதைத் தேசிய நிலத்துறையின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவர் பொறுப்பில்லை. ஒரே மனைக்கு இரண்டு பேரிடம் சாமாட் தாள் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் முத்திரை உண்மையானதுதான். முத்திரை உண்மையா பொய்யா என்று மட்டும் விசாரித்துவிட்டு நிம்மதியாகப் பணம் கொடுப்பவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: முத்திரை உண்மையாக இருக்கலாம், ஆனால் அது சொல்லும் செய்தி உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பதல்ல.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. பத்திர அலுவலர்கள் போதிய அளவில் இல்லாத பகுதிகளில் சாமாட்டையே இடைக்காலப் பத்திர அலுவலராக அரசு நியமிப்பது வழக்கம். அந்தப் பொறுப்பில் அவர் எழுதித் தரும் விற்பனைப் பத்திரம் வேறு. நிருவாக அதிகாரியாக அவர் அறிந்தொப்பமிடும் தாள் வேறு. தரகர்கள் இரண்டையும் வேண்டுமென்றே ஒன்றாகக் கலந்து பேசுகிறார்கள்.

நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சாமாட் தாள் உள்ள நிலம் எல்லாமே ஏமாற்று அல்ல. மேடான் நகருக்குள்ளேயே அத்தகைய தாளை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று தலைமுறைகளாகக் குடியிருப்பவர்கள் ஏராளம். அவர்களில் பலர் அரசின் முழுமைப் பதிவுத் திட்டத்தில் சான்றிதழும் பெற்றுவிட்டார்கள். சான்றிதழ் கோரி விண்ணப்பிக்கும்போது துணை ஆவணமாக அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு. ஆனால் தோட்ட நிலத்தின் மீது எழுதப்பட்ட தாளை எத்தனை ஆண்டுகள் பாதுகாத்து வைத்தாலும் அது சான்றிதழாக மாறப் போவதில்லை.

இந்த ஊரைச் சுற்றியுள்ள நிலத்தின் வரலாறு தெரியாமல் இங்கே மனை வாங்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 1863இல் நின்ஹாய்ஸ் என்ற டச்சுக்காரர் இப்பகுதியை ஆண்ட தெலி சுல்தானகத்துக்கு வந்து புகையிலை பயிரிடத் தொடங்கிய பிறகு, சுல்தானிடம் பெற்ற உரிமங்களின் பேரில் இப்பகுதி முழுவதும் தோட்டங்களாயிற்று. சுதந்திரத்துக்குப் பின், 1950களின் இறுதியில், டச்சு நிறுவனங்கள் நாட்டுடைமையாகித் தோட்டங்கள் அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தன. 2002 முதல் 2004 வரை பிறப்பிக்கப்பட்ட ஆணைகளில் ஏறத்தாழ 5,873 ஹெக்டேருக்கு மட்டும் தோட்டக் குத்தகை உரிமை நீட்டிக்கப்படவில்லை. ‘எக்ஸ் எச்.ஜி.யு.’ (முன்னாள் தோட்டக் குத்தகை நிலம்) என்று தரகர்கள் அடிக்கடி சொல்வது இந்த நிலத்தைத்தான். குத்தகை முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் வேலி போடலாம் என்று மக்கள் புரிந்துகொள்கிறார்கள். அப்படியல்ல. குத்தகை முடிந்த நிலம் அரசின் நேரடிக் கட்டுப்பாட்டுக்குப் போகிறது. யாருக்குப் பகிர்ந்தளிப்பது என்று முடிவாகி, தோட்ட நிறுவனத்தின் சொத்துக் கணக்கிலிருந்தும் அது முறைப்படி நீக்கப்பட்ட பிறகுதான் தனியார் பேரில் சான்றிதழுக்கு வழி பிறக்கும். இதைவிட மோசம், அந்தப் பெயரைச் சொல்லி விற்கப்படும் மனைகளில் பல, குத்தகை உயிரோடு இருக்கும் நிலத்துக்குள்ளேயே விழுகின்றன.

“நம்ம கொள்ளுத்தாத்தா உழைச்ச மண்ணு, நமக்கில்லாத உரிமையா” என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். நம் முன்னோர்கள் இங்கே மாட்டுவண்டி ஓட்டினார்கள், சாலை போட்டார்கள், வாய்க்கால் வெட்டினார்கள். மேடானின் கம்போங் மெட்ராஸ் பகுதியில் 1884இல் எழுந்த மாரியம்மன் கோயில் அதற்குச் சாட்சி. ஆனால் நிலப்பதிவேட்டில் அந்த உழைப்புக்கென்று ஒரு பத்தி இல்லை. அதைச் சொல்லித் தரகர் உங்கள் நெஞ்சைத் தொடுகிறார் என்றால், சட்டைப்பையைத் தொடப் போகிறார் என்று எச்சரிக்கையாக இருங்கள்.

அந்த மூன்றாவது குடும்பத்தின் தாளுக்கு வருகிறேன். ஒரு ராந்தே நிலம், அதாவது 400 சதுர மீட்டர். தாளில் இட்டிருந்த தேதி 2014. கையொப்பத்தின் கீழே ஒட்டியிருந்த வருவாய் முத்திரை வில்லையின் மதிப்போ 10,000 ரூப்பியா. அந்த வில்லை புழக்கத்துக்கு வந்ததே 2021இல்தான். 2014இல் ஒட்டியிருந்தால் 6,000 ரூப்பியா வில்லையாக இருந்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எந்தப் படிப்பும் வேண்டாம், தாளை வெளிச்சத்தில் பிடித்து ஒரு நிமிடம் பார்த்தால் போதும். பணம் கொடுக்கும் முன் அந்த ஒரு நிமிடத்தை யாரும் செலவிடவில்லை. மறுநாள் அவர்களோடு இடத்துக்குப் போனேன். மூங்கில் முளைகள் நட்டுச் சிவப்பு நைலான் கயிறு கட்டி மனைகளைப் பிரித்திருந்தார்கள். அக்கா வீட்டார் ஆழ்குழாய்க் கிணறு போட்டு இரும்புக் கதவும் மாட்டிவிட்டார்கள். பத்தடி தள்ளி, வாய்க்காலுக்குள் கவிழ்ந்து கிடந்த தகரப் பலகையைத் திருப்பிப் பார்த்தோம். தோட்ட நிறுவனத்தின் பெயரும் குத்தகை உரிமை எண்ணும் அதில் எழுதியிருந்தன. எதிரே நாசி சோறு விற்கும் அம்மாவிடம் கேட்டபோது, இதே மனையை இதற்கு முன்பும் ஒரு குடும்பம் வந்து பார்த்து, அளந்து, கதவு மாட்டியது என்றார்.

வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் அடிப்படை நிலச் சட்டப்படி ஹாக் மிலிக் என்னும் முழு உடைமை இந்தோனேசியக் குடிமக்களுக்கே உரியது. மைத்துனர் பேரில், நண்பர் பேரில் வாங்கிப் பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு உடைமையை மாற்றும் ஏற்பாடு செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கோரவும் முடியாது என்று அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மைத்துனர் நல்லவரா கெட்டவரா என்பது அங்கே கேள்வியே இல்லை. செல்லுபடியாகும் குடிவரவு ஆவணம் உள்ள வெளிநாட்டவருக்கு ஹாக் பாக்காய் என்னும் பயன்பாட்டு உரிமை இருக்கிறது. அது முதலில் 30 ஆண்டு, பின் 20 ஆண்டு நீட்டிப்பு, மேலும் 30 ஆண்டு புதுப்பிப்பு என்று போகும். குறைந்தபட்ச விலை போன்ற நிபந்தனைகளும் அதற்கு உண்டு. இந்தோனேசியப் பெண்ணை மணந்த பினாங்கு மாப்பிள்ளைகளே, சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மனைவி வாங்கும் நிலமும் இருவரின் பொதுச் சொத்தாகிச் சிக்கலாகும். திருமணத்துக்குப் பிறகும் அந்த ஒப்பந்தத்தைச் செய்துகொள்ளலாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. ஆனால் அதை நிலம் வாங்கும் முன்பே செய்துகொள்ளுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை அதிகமில்லை. நிலத்துறையின் பொது இணைய வரைபடத்துக்குப் ‘பூமி’ என்றே பெயர், தமிழர்களுக்கு மறக்காது. இடத்தில் நின்றபடி கைப்பேசியில் அதைத் திறந்து, உங்கள் காலடியில் பதிவான மனை இருக்கிறதா, தோட்ட உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு நிறுத்திவிடாமல், சான்றிதழ் எண்ணைப் பத்திர அலுவலர் வழியாக நிலத்துறையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். தெலி செர்டாங்குக்கு அந்த அலுவலகம் லுபுக் பாகாமில் இருக்கிறது. மாவட்டத்தின் நிலப்பயன்பாட்டுத் திட்டத்தில் அந்த இடம் குடியிருப்புப் பகுதியா, பாதுகாக்கப்பட்ட நெல்வயலா என்று கேளுங்கள். சொத்துவரி கட்டிய சீட்டைக் காட்டினால் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்; வரி யார் கட்டினாலும் அரசு வாங்கிக்கொள்ளும், அதனால் உடைமை வராது. “வரி மிச்சமாகும், நமக்குள்ளேயே எழுதிக்கலாம்” என்று விற்பவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முறையான விற்பனையில் விற்பவருக்கு 2.5 விழுக்காடும், வாங்குபவருக்கு விலக்குத் தொகை போக 5 விழுக்காடும் வரி வரும். பத்திர அலுவலர் முன் எழுதிய பத்திரம் இல்லாமல் நிலத்துறை பேர் மாற்றாது.

குடியிருக்கப் போகிறவர்கள் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். 2013இல் குவாலாநாமு விமான நிலையம் திறந்த பிறகு கிழக்குப் பக்கம் விலை ஏறியதே தவிர நிலத்தின் மட்டம் ஏறவில்லை. சூராவ் என்னும் சிறு தொழுகைக்கூடத்தின் சுவரிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் தண்ணீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கிணற்றுத் தண்ணீரை வெள்ளைக் குவளையில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்து, இரும்பு நிறம் படிகிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். மேற்கொண்டு ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். ரசீது, வங்கிப் பரிமாற்றம், தரகரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் ஒரு வழக்கறிஞரோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். போட்ட பணத்தையாவது எடுத்துவிடலாம் என்று அந்தத் தாளை வேறொருவர் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள். தெரிந்தே விற்றால் அடுத்த புகாரில் உங்கள் பேர்தான் இருக்கும். அந்த அக்காவுக்கும் இதைத்தான் சொன்னேன். பம்பையும் கதவையுமாவது கழற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். முதலில் எல்லாவற்றையும் அப்படியே படம் எடுத்து வையுங்கள், கழற்றுவதை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றேன்.