டிசி இல்லையென்றால் பள்ளியில் இடம் இல்லையா?

செங்கல் சூளையிலோ கரும்பு வெட்டிலோ ஆறு மாதம் கிடந்துவிட்டு ஊர் திரும்பும் குடும்பம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனால் கேட்கும் முதல் வார்த்தை: "டிசி வாங்கிட்டு வாங்க." அந்த டிசி இருக்கும் பள்ளி வேறு மாவட்டத்தில். கூலியை விட்டுப் பஸ் ஏறிப் போனால், எச்எம் மீட்டிங் போயிருப்பார். மறுபடி போகக் காசு இருக்காது. பிள்ளை ஆடு மேய்க்கப் போய்விடும். இதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இந்த அலைச்சலே தேவையில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, டிசி வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது. டிசி தராமல் இழுத்தடிக்கும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறும்போது இது செல்லும். தனியார் சுயநிதிப் பள்ளிக்கு மாற இதைக் காட்ட முடியாது. தனியார் பள்ளியிலிருந்து வெளியே வருகிறீர்கள், ஃபீஸ் பாக்கி என்று டிசியைப் பிடித்து வைத்திருக்கிறார்களா? கட்டண பாக்கியை வசூலிக்க டிசியைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அடுத்த தடை பிறப்புச் சான்றிதழ். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. இது 14ஆம் பிரிவு. அங்கன்வாடிப் பதிவேடோ, பெற்றோர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியோ போதும். ஆனால் அந்தத் தாளில் எழுதும் தேதியில் கவனம் வேண்டும். ஆசிரியர் குத்துமதிப்பாக ஒரு ஜூன் தேதியைப் போட்டுவிடுவார். அதுதான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரை போகும். பிறகு திருத்துவது பெரும்பாடு.

ஆதார் இல்லாவிட்டாலும் சேர்க்க வேண்டும். சாதிச் சான்றிதழும் அப்படியே. இருளர், காட்டுநாயக்கர் பிள்ளைகளிடம் இதைக் கேட்பதுதான் எனக்கு ஆத்திரம் மூட்டுவது. பழங்குடிச் சான்று தருவது கோட்டாட்சியர். அப்பா பெயரிலேயே சான்று இல்லாத வீட்டில், பிள்ளைக்கு அது கிடைப்பதற்குள் எத்தனை ஜூன் போய்விடும்? உதவித்தொகைக்கு அது வேண்டும்தான். பெஞ்சில் உட்கார அது வேண்டியதில்லை.

"அட்மிஷன் முடிஞ்சுபோச்சு, ஜூன்ல வாங்க" என்றாலும் எழுந்து வராதீர்கள். நடு வருஷத்திலும் சேர்க்க வேண்டும் என்பது 15ஆம் பிரிவு.

பள்ளியே பார்க்காத பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பார்கள். வெட்கப்பட்டு ஒரு வாரத்தில் நின்றுவிடும். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. வாய்விட்டுக் கேளுங்கள், தானாகச் செய்ய மாட்டார்கள்.

சேர்த்துக்கொண்டதோடு வேலை முடியவில்லை. எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினி மாணவர் பதிவேட்டில், பெயர் ஏறியதா என்று பாருங்கள். பழைய பள்ளி பெயரை அதன் காமன் பூலுக்கு (பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு) விடாதவரை புதுப் பள்ளியால் எடுக்க முடியாது. வகுப்பில் பிள்ளை இருக்கும். புத்தகம், சீருடைக் கணக்கில் இருக்காது. பழைய பள்ளியோடு பேச வேண்டியது புதுப் பள்ளிதான். அதற்கும் உங்களை பஸ் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள்.

வாயால் மறுத்தால் வாதாட வேண்டாம். "ஏன் சேர்க்க மாட்டீங்கன்னு எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறும். மாறாவிட்டால், வெள்ளைத்தாளில் பிள்ளை பெயர், வயது, மறுத்த தேதி, சொன்ன காரணம் எழுதி வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கல்வித் துறை உதவி எண் 14417க்கும் போன் போடலாம். படிக்கத் தெரியாதவர்கள், அங்கே நீட்டும் தாளில் என்ன இருக்கிறது என்று வேறொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் கைநாட்டு வைக்க வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்பில் இந்தச் சட்டம் கைகொடுக்காது. பிள்ளை எட்டாவதில் இருக்கும்போதே பழைய டிசி, எமிஸ் நம்பர், பிறந்த தேதி மூன்றையும் சரிபார்த்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். சூளைக்குக் கிளம்பும்போது அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.