பட்டா ஒருவர் பெயரில், அனுபவம் இன்னொருவர் கையில்: ஐபி முகவரிகளை மீட்பது எப்படி?

மூடிப்போன கம்பெனியின் ஐபி முகவரிகள் (இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் எண்கள்) என்ன ஆகும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். யாரும் கவனிக்காத நிலத்துக்கு என்ன ஆகுமோ, அதேதான்.

பழைய முகவரி முறையான ஐபிவி4-ல் மொத்தமே 430 கோடி முகவரிகள்தான். மைய இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதன்பின் முகவரி விலைபோகும் சரக்காகிவிட்டது.

ஆக்கிரமிப்பவன் முதலில், முகவரிகளை ஒதுக்கும் அமைப்பான பதிவகத்தின் பதிவேட்டில் உள்ள தொடர்பு மின்னஞ்சலைப் பார்ப்பான். அது பழைய கம்பெனியின் டொமைனில் இருக்கும், டொமைன் காலாவதியாகியிருக்கும். அதைச் சொற்பக் காசுக்கு வாங்கி மின்னஞ்சலை உயிர்ப்பித்தால், 'நான்தான் உரிமையாளர்' என்று பதிவகத்திடமே எழுதலாம். இல்லையென்றால் போலி லெட்டர்ஹெட்டில் ஓர் அனுமதிக் கடிதம். அதை நம்பி, 'இந்த முகவரிகளுக்கான தகவல் எங்களிடம் வரட்டும்' என்று மற்ற நெட்வொர்க்குகளுக்கு அறிவிக்கும் இணைய நிறுவனம் ஒன்று கிடைத்தால் போதும். அசல் உரிமையாளர் அந்த முகவரிகளை அறிவிக்காததால் போட்டியும் இல்லை. வேறு சிலர் புதிதாகவே ஏமாற்றி வாங்குவார்கள். அமெரிக்காவின் மிக்ஃபோ நிறுவனம் பெயரளவு கம்பெனிகளை வைத்து 7,57,760 முகவரிகளைப் பெற்றது 2019-ல் அம்பலமானது.

புகார் வந்தாலோ ஆண்டுக் கட்டணம் நின்றாலோ பதிவகம் ஆவணம் கேட்கும். பதில் சரியில்லை என்றால் ஒப்பந்தம் ரத்து. பதிவேட்டில் பெயர் நீங்கும், முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ் துண்டிக்கப்படும், முகவரி உரிமைக்கான டிஜிட்டல் சான்றிதழ் செல்லாததாகும். ஆனால் பதிவகத்தால் பட்டாவைத்தான் ரத்து செய்ய முடியும். வேலியைப் பிடுங்க முடியாது. தகவலுக்கு வழிகாட்டும் ரவுட்டர்கள் ஊர் உலகத்து நிறுவனங்களின் கையில்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. ஒரு முகவரித் தொகுதியை எந்த நெட்வொர்க் அறிவிக்கலாம் என்று கையொப்பமிட்டுச் சொல்லும் ஆவணத்துக்கு ஆர்ஓஏ என்று பெயர். அதற்கு முரணான அறிவிப்பு 'செல்லாது'. சரிபார்க்கும் ரவுட்டர் தூக்கி எறியும். ஆவணமே இல்லாவிட்டால் 'தெரியாது', ரவுட்டர் ஏற்றுக்கொள்ளும். ஆக, சான்றிதழை ரத்து செய்ததும் ஆர்ஓஏ-வும் போய்விடுகிறது, ஆக்கிரமிப்பாளனின் அறிவிப்பு 'தெரியாது' வரிசையில் சேர்ந்து சுகமாகப் பயணிக்கிறது!

அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் ஏஎஸ் 0. ஏஎஸ் எண் என்பது ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்; பூஜ்ஜியம் எந்த நெட்வொர்க்குக்கும் ஒதுக்கப்படாத எண். 'இந்தத் தொகுதியை அறிவிக்கும் உரிமை ஏஎஸ் 0-க்கு மட்டுமே' என்று பதிவகம் கையொப்பமிட்டால், 'யாருக்கும் இல்லை' என்று பொருள். யார் அறிவித்தாலும், அதற்குள் சின்னத் துண்டாக்கி அறிவித்தாலும், 'செல்லாது'தான். ஒரே ஒரு எண்ணில் புறம்போக்குப் பலகை நட்டாயிற்று! ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்நிக், யாருக்கும் ஒதுக்காத தன் முகவரிகளுக்கு 2020-ல் இதைத் தொடங்கியது.

மீட்பு நீதிமன்றம் ஏறினால் கதை வேறு. உறுப்பினர் ஒருவரிடமிருந்து 60 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளைத் திரும்பப் பெற முயன்ற ஆப்பிரிக்கப் பதிவகத்தின் வங்கிக் கணக்கே 2021-ல் முடங்கியது. பதிவகத்துக்கு ஆண்டுக் கட்டணம் தண்டம் என்று முணுமுணுப்பவர்கள் வக்கீல் செலவையும் கணக்கில் எடுக்கலாம்.

ஏப்நிக்கின் ஏஎஸ் 0 ஆவணங்கள் தனி நம்பிக்கைச் சாவியின் (கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் சாவி) கீழ் வருகின்றன. அந்தச் சாவிக் கோப்பைத் தன் சரிபார்ப்பு மென்பொருளில் தனியாகச் சேர்க்காத நிறுவனத்தின் ரவுட்டருக்கு, பலகை நட்டதே தெரியாது.