கிரிப் என்றால் பிடிதான்

கருமருந்து என்ற பழைய வெடிமருந்தில் சுடும் ரிவால்வருக்குப் புதிய ‘கிரிப்ஸ்’ போடுவதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் தலைப்பிலேயே கை நின்றுவிடுகிறது. துப்பாக்கிக்குப் பிடி ஒன்றுதானே, பன்மை எதற்கு?

கிரிப், இறுகப் பற்றுவதைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். ஜெர்மன் மொழியின் ‘கிரிஃப்’ அதற்குச் சொந்தம். பற்றும் செயல், பற்றும் இடம், அந்த இடத்தை மூடும் மரம் என்று அதன் பொருள் விரிந்தது. 1858 ரெமிங்டன் என்ற ரிவால்வரில் அந்த மரம் இரண்டு துண்டு. துப்பாக்கியின் உலோகச் சட்டகத்துக்கு இரு பக்கமும் வைத்து, குறுக்கே ஒரு திருகாணியால் இறுக்கியிருப்பார்கள். பன்மை அங்கிருந்து வந்தால் சரி. இன்னொரு ரிவால்வரான கோல்ட் 1851 நேவியில் வால்நட் மரத்தில் ஒரே கட்டைதான். பின்பக்க உலோகப் பட்டையான பின்பட்டையும், விசையைச் சுற்றியுள்ள காப்போடு சேர்ந்த பட்டையும் அதை நடுவில் கவ்வியிருக்கும். துப்பாக்கியின் சுத்தியலுக்குப் பின்னால் இரண்டு, அடியில் ஒன்று என மூன்று திருகாணிகளைக் கழற்றிப் பின்பட்டையை எடுத்தால் கட்டை கையோடு வந்துவிடும்.

புதுக் கட்டை அப்படி லேசில் உட்காராது. உலோகத்தில் புகைக்கரி தடவி, கட்டையை அழுத்தி எடுத்து, கரி ஒட்டிய மேடுகளை மட்டும் சீவ வேண்டும். அப்புறம் மறுபடி கரி, மறுபடி சீவல். மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே நகம் நுழையாத வரை இதே வேலைதான்.

இதற்குத் தமிழில் ‘கைப்பிடி’ என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் எனக்குக் கதவும் குக்கரும்தான் நினைவுக்கு வருகின்றன. அரிவாளுக்கும் உளிக்கும் சொல்கிற ‘பிடி’ போதும். தெலுங்கிலும் மலையாளத்திலும் அது பிடி, கன்னடத்தில் ஹிடி. கொழுக்கட்டை பிடிப்பதும் ஒரு பிடி அரிசி அள்ளுவதும் விரல் மடங்கி இறுகும் அதே அசைவுதான். செயலுக்கும் இடத்துக்கும் ஒரே சொல் என்பதில் கிரிப்புக்கு இது அப்படியே ஈடு.

ஆங்கிலம் பிரிக்காததை நாம் பிரித்துக்கொள்ளலாம். முழுதும் பிடி, கோல்ட்டின் ஒற்றை மரம் பிடிக்கட்டை, ரெமிங்டனின் இரண்டு துண்டுகள் பிடிப்பலகைகள். அமெரிக்க மேற்கின் பேர்பெற்ற துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக்கின் நேவி ரிவால்வர்களுக்கு இருந்தது தந்தப் பிடி. மாற்றும் வேலைக்கும் தனிச்சொல் தேட வேண்டாம். அரிவாளுக்குப் போடுவது போலவே, துப்பாக்கிக்கும் புதுப் பிடி போடுவதுதான்.