விமானம் இறங்கியதும் பிடிக்கும் முதல் டாக்சி

திருகோணமலையில் இருந்துகொண்டு விமான டிக்கெட் போட்டுக்கொடுப்பது என் தொழில். ஆனால் எனக்கு வரும் அவசர அழைப்புகளில் பாதி டாக்சியைப் பற்றியவை. "தம்பி, வெளியால வந்திட்டம், ஊபர் வேலை செய்யுதில்லை." பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ பேசுவார்கள். அங்கே அது வேலை செய்யாதுதான். டாக்சி அழைக்கும் செயலியான ஊபர் 2018இல் தன் தென்கிழக்காசிய வியாபாரத்தை அதேபோன்ற கிராப்பிடம் கொடுத்துவிட்டு வெளியேறிவிட்டது. இலங்கையில் நாங்கள் பாவிக்கும் பிக்மீயும் அங்கே இல்லை. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்றால் கிராப். சென்னை என்றால் ஊபர் அல்லது ஓலா.

எதுவானாலும் வீட்டிலேயே பதிவு செய்துவிடுங்கள். உறுதிப்படுத்தும் குறியீடு உங்கள் இலங்கை இலக்கத்துக்குத்தான் குறுஞ்செய்தியாக வரும். அந்தச் சிம்மைக் கழற்றிப் பேர்ஸில் வைத்துவிட்டு, அந்த நாட்டுச் சிம்மோடு பதிவு செய்ய உட்கார்ந்தால் குறியீடு எங்கே வரும்? வங்கி அட்டையையும் வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டுவிட்டே கிளம்புங்கள். கையில் கொஞ்சம் சில்லறையும் இருக்கட்டும்.

சென்னையில் கவனிக்க வேண்டியது, பயணத்தைத் தொடங்கச் சாரதியிடம் சொல்லும்படி செயலியில் வரும் நாலு இலக்க எண், அதாவது ஓடிபி. வண்டியின் இலக்கத் தகட்டைச் செயலியில் உள்ளதோடு ஒப்பிட்டு, ஏறி உட்கார்ந்த பிறகே சொல்ல வேண்டும். "வந்துட்டே இருக்கேன் சார், ஓடிபி சொல்லுங்க" என்று போனில் கேட்டால் சொல்லாதீர்கள். அந்த எண்ணை அவர் போட்டதும் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. நீங்கள் பெட்டியோடு வாசலில் நிற்பீர்கள், செயலியில் பயணம் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, "கேன்சல் பண்ணுங்க, அதே காசுக்கு நானே விடுறேன்." சாரதிக்குக் கமிஷன் மிச்சம், அவர் பக்க நியாயம் புரிகிறது. ஆனால் ரத்து செய்துவிட்டால் அந்தப் பயணத்துக்குப் பதிவே கிடையாது. பை தொலைந்தாலும் தகராறு வந்தாலும் யாரிடம் போய்க் கேட்பது? தெரியாத ஊரில் இந்தத் தாராளம் வேண்டாம்.

சிங்கப்பூரில் வேறு பிரச்சினை. பஸ் ஸ்டாண்டில் நிலாவெளிக்கு ஆட்டோ பேசுவதுபோல் அங்கே டாக்சிக்காரரிடம் பேரம் பேச முடியாது, மீட்டர்தான். நள்ளிரவிலிருந்து காலை 6 மணிவரை மீட்டர் தொகைக்கு மேல் 50 வீதம் கூடும். சாங்கி விமான நிலையத்தில் ஏறினால் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

அப்புறம், அஞ்சு பேர், ஏழு பெட்டி என்று புறப்படும் குடும்பங்களுக்கு: சின்னக் காரை அழைத்துவிட்டு டிக்கியோடு மல்லுக்கட்டாமல், ஆறு பேர் அமரும் வண்டியையே தெரிவு செய்யுங்கள்.

பாங்காக் சுவர்ணபூமியில் மீட்டர் டாக்சிக்கு இயந்திரத்தில் சீட்டு எடுக்க வேண்டும். எந்தத் தரிப்பிடத்தில் உங்கள் வண்டி நிற்கிறது என்று அதில் இருக்கும். விமான நிலையக் கட்டணமும் விரைவுச் சாலைக் கட்டணமும் பயணியின் கணக்கு. அந்தச் சீட்டைச் சாரதி கேட்டாலும் கொடுக்காதீர்கள். பின் இருக்கையில் போனை விட்டுவிட்டு இறங்கினால் தேடிப்பிடிக்க அதுதான் உதவும்.