அவசரகாலம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

போன வாரமும் ஒரு தாய் வந்தார். சொப்பிங் பைக்குள் நாலாக மடித்த ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டு. மகனுக்குக் காவலில் அடி விழுந்த திகதியிலிருந்து எண்ணினேன்: 47 நாள். "எமேர்ஜென்சி முடியட்டும் எண்டு பொறுத்திருந்தம் சேர்" என்றார். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அவரில் கோபமில்லை, அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்களில்தான் கோபம்.

இலங்கையில் அடிப்படை உரிமை மீறல் மனுவை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அவசரகாலம் என்பதற்காக அந்த மாதம் நீளாது.

சரி, ஜனாதிபதி பிரகடனம் செய்தால் அவராக நீக்கும்வரை யாரும் கேட்க முடியாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1983 முதல் 2011 வரை, சில இடைவெளிகள் விட்டு, அவசரகாலத்திலேயே வாழ்ந்த பழக்கம். அரசியலமைப்பின் 155ஆம் உறுப்புரை சொல்வது வேறு. பிரகடனத்தின் ஆயுள் ஒரு மாதம். 14 நாளுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் அதுவும் இல்லை. 2022 மே மாதப் பிரகடனம் அப்படித்தான் காலாவதியானது. இன்னொரு மாதம் வேண்டுமா? புதிய பிரகடனம், மறுபடி பாராளுமன்றம். ஜனாதிபதி ஆக்கும் அவசரகால ஒழுங்குவிதிகளை மாற்றவும் நீக்கவும்கூடப் பாராளுமன்றத்தால் முடியும். அவை மற்றச் சட்டங்களை மேவலாம். அரசியலமைப்பை மேவ முடியாது.

90 நாளுக்கு மேல் போனால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்று முன்பு ஒரு பூட்டு இருந்தது. 1986இல் பத்தாவது திருத்தம் அதைக் கழற்றிவிட்டது. மாதாமாதம் கை உயர்த்துவது சடங்காகிப் போனதற்கு அதுவும் காரணம் என்பேன்.

பாராளுமன்றம் ஆமென்றாலும் கதை முடியாது. 2022 ஜூலைப் பிரகடனம் 120க்கு 63 என்று நிறைவேறியது. அந்தப் பிரகடனமே அடிப்படை உரிமை மீறல் என்று 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்த்தது.

தயவுசெய்து திகதியைக் குறித்து வையுங்கள். கைது அவசரகால ஒழுங்குவிதியிலா, பயங்கரவாதத் தடைச் சட்டத்திலா என்று கேளுங்கள். இரண்டையும் குழப்பாதீர்கள், அவசரகாலம் போனாலும் அந்தச் சட்டம் போகாது. ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. அப்புறம், உங்கள் மாவட்ட எம்பி எந்தப் பக்கம் வாக்களித்தார்? பெயர் கூப்பிட்டு வாக்கெடுத்திருந்தால் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் இருக்கும். போய்க் கேளுங்கள்.

அந்தத் தாயிடமும் ஆணைக்குழுவுக்குப் போனீர்களா என்று கேட்டேன். பையை ஒருமுறை துழாவிப் பார்த்துவிட்டு, இல்லையென்று தலையாட்டினார்.