வேண்டாம் என்று சொல்ல ஓர் அறை

சிறுநீரக மாற்று அறுவைக்கு முன், தானம் கொடுக்க வருபவரைக் குடும்பத்தார் உடனில்லாமல் தனியறையில் அமர்த்திப் பேசுவது, வேலூரில் மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கும் என் வேலையின் ஒரு பகுதி. குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த, பீடி சுற்றும் ஒரு பெண்மணியிடம் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்), "வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்?" என்று கேட்டேன். தாலிக்கயிற்றை விரலால் தேய்த்தபடி வெகுநேரம் இருந்துவிட்டு, "இன்னா மேடம் இப்படிக் கேக்கறீங்க? கட்னவருக்கு நான் குடுக்காம வேற யாரு குடுப்பாங்க? அப்புறம் ஊர்ல தலை காட்ட முடியுமா?" என்றார். அந்தக் கேள்விகளில் அவருடைய விருப்பம் எதில் இருந்தது, ஊரின் சட்டம் எதில் இருந்தது என்று எனக்கு அன்று பிடிபடவில்லை.

இந்தியாவில் உயிருடன் இருக்கும்போதே சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இதற்கு உடற்கூறு சார்ந்த காரணமும் ஒன்று உண்டு: கருவுற்ற பெண்ணின் உடலில் கணவரின் திசுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கக்கூடும் என்பதால், கணவர் முன்வந்தாலும் சில வேளைகளில் பொருந்தாமல் போகும். ஆனால் பரிசோதனைக்கே வராதவர்களை அந்தக் காரணத்தில் சேர்க்க முடியாது. "சம்பாதிக்கிற ஆளு படுத்துட்டா குடும்பம் என்னாகும்" என்று சொல்லும் வீட்டில், அந்த அம்மாள் முறத்தை மடியில் வைத்து நாள் முழுவதும் சுற்றும் பீடிக்கு வரும் கூலி சம்பாத்தியக் கணக்கில் சேர்வதேயில்லை.

ஆண்களும் இந்தக் கட்டிலிருந்து தப்புவதில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் ஒருவர், உறவினர்கள் சூழ நின்றபோது அண்ணனுக்காக உயிரையே கொடுப்பதாகச் சொன்னார்; தனியறையில் கதவு மூடியதும், "ரெண்டு பொண்ணு இருக்குது, மேடம். கடன் வேற. நான் மாட்டேன்னு சொன்னேன்னு மட்டும் தெரிய வேணாம்" என்று கெஞ்சினார். குடும்பத்தாரிடம், அவர் தானத்துக்கு ஏற்றவர் அல்லர் என்று மட்டும் தெரிவிக்கப்பட்டது. அது முழு உண்மை அல்ல என்ற உறுத்தல் எனக்கு இருந்தாலும், ஒருவர் மனமில்லாமல் மேசையில் படுப்பதைவிட அந்த உறுத்தலைச் சுமப்பது எளிது. நான் கவனித்த வரையில், ஆணின் மறுப்பு வெளியே தெரிந்தாலும் அதற்குக் குடும்பப் பொறுப்பு என்ற கௌரவமான பெயர் கிடைத்துவிடுகிறது. பெண்ணின் மறுப்புக்கு அப்படியொரு பெயர் இல்லை.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-இல் இதே வேலூரில், சிஎம்சி மருத்துவமனையில் நடந்தது; உறுப்பு மாற்றுச் சட்டம் வந்ததோ 1994-இல்தான். 2011-ஆம் ஆண்டுத் திருத்தம், நெருங்கிய உறவினர் பட்டியலில் தாத்தா, பாட்டி, பேரக்குழந்தைகளையும் சேர்த்தது. தானம் கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை என்றும், அவருடைய சுயமான சம்மதத்தை, உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்றும் 2014-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. விதியை எழுதியவர்களும் நம் வீடுகளை அறிந்தவர்களே போலும். கையெழுத்திட்ட பிறகும், அறுவை அரங்கின் வாசல்வரை வந்த பிறகும்கூட மனம் மாறலாம் என்பதை நான் ஒவ்வொருவரிடமும் இருமுறை சொல்கிறேன். முதல் முறை சொல்லும்போது பலர் அதைச் சம்பிரதாயமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பெண்மணி கொடுத்தார். இரண்டாவது சந்திப்பில், "யாரும் சொல்லலைன்னாலும் குடுப்பேன்" என்று தெளிவாகச் சொன்னதை நம்பிக் குறிப்பில் எழுதினேன். கணவர் தேதி தவறாமல் பரிசோதனைக்கு வருகிறார். ஒற்றைச் சிறுநீரகத்துடன் வாழ்பவரும் ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தும், "எனக்கு இன்னா வியாதியா?" என்று அவர் வராமலே இருந்துவிட்டார். சென்ற மாதம் கணவருக்குத் துணையாக வந்து, மாத்திரைப் பையுடன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தவரை உள்ளே அழைத்து அமர்த்தி, அவர் பெயரில் ஒரு புது நோட்டுப் போட்டோம்.