நெஞ்செரிச்சல் மாத்திரைக்கு முன்னால் கேட்க வேண்டியவை

வயிற்றுப் புற்றுநோய் என்றதும் பலருக்கு மிளகாய்தான் நினைவுக்கு வருகிறது. என்னிடம் வருகிறவர்களும் "காரத்தைச் சுத்தமா விட்டுட்டேன் டாக்டர்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். சரி, நல்லது. ஆனால் நான் முதலில் கேட்பது வேறு. இடுப்புச் சுற்றளவு எவ்வளவு? பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவது வயிற்றில் புற்று வந்ததா? கிருமிக்குப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா?

வயிற்றுப் புற்றுக்குக் காரணமாகும் அந்தக் கிருமியின் பெயர் எச். பைலோரி. வயிற்று அமிலத்திலும் இது சாகாது. யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு சளிப்படலத்துக்குள் பதுங்கிவிடும். பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு மருத்துவர்கள் 1982-ல் இதை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டியபோது, அமிலத்தில் கிருமி வாழுமா என்று பலர் நம்ப மறுத்தார்கள். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி வந்ததை நிரூபித்தார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994-ல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

கிருமி இருக்கிறது என்ற ரிசல்ட்டைப் பார்த்ததும் சிலர் அழுதுவிடுகிறார்கள். அழ வேண்டாம். கிருமி உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரைதான் புற்றுநோய் வரை போகிறார்கள், அதுவும் பல ஆண்டுகள் கழித்து. முதலில் நாள்பட்ட அழற்சி, பிறகு இரைப்பைச் சவ்வு மெலிவது, அப்புறம் அங்கே குடலின் செல்களைப் போன்றவை முளைப்பது என்று படிப்படியாகத்தான் கெடுகிறது. எவ்வளவு சீக்கிரம் கிருமியை ஒழிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

உடல் எடை வேலை செய்யும் இடம் வேறு. கிருமியால் வரும் புற்று பெரும்பாலும் இரைப்பையின் நடுவிலும் கீழ்ப்பகுதியிலும் வரும். தொப்பையின் கெடுதல், உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் மேல்வாயில். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு கீழிருந்து அழுத்துவதால் அமிலம் மேலே ஏறி அந்த இடத்தை ஓயாமல் அரிக்கிறது. அந்தக் கொழுப்பே அழற்சியைத் தூண்டும் பொருட்களையும் சுரக்கிறது, இன்சுலினும் கூடுகிறது. அதிக உடற்கொழுப்பு இரைப்பையின் இந்த மேல்வாய்ப் புற்றுக்கு ஒரு காரணம் என்பதற்குப் போதிய ஆதாரம் உண்டு என்று 2016-ல் அதே ஆய்வு அமைப்பு அறிவித்தது. நம் ஊர் உடலுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 23-ஐத் தாண்டினாலே எடை அதிகம், 25 என்றால் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது, டாக்டரைப் பார்க்காமலே நெஞ்செரிச்சலுக்கென்று வருஷக்கணக்கில் ஓடும், அமிலத்தைக் குறைக்கும் அந்த 'வெறும் வயிற்று மாத்திரை'. மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் கிடைக்கிறது, போட்டால் எரிச்சலும் அடங்குகிறது. ஆரம்பநிலைப் புற்றின் தொந்தரவும் அதிலேயே அடங்கிவிடலாம். ஐம்பதைத் தாண்டிய ஒரு கடைக்காரர், நல்ல பருமனான உடல்வாகு, சட்டைப்பையில் அந்த மாத்திரை அட்டையோடு வந்தார். நாலு மாதத்தில் பேன்ட் தொளதொளவென்று ஆகியிருந்தது. வீட்டில் எல்லோரும் "இளைச்சுட்டீங்களே, சூப்பர்" என்று பாராட்டியிருக்கிறார்கள். அவர் டயட்டும் இருக்கவில்லை, நடக்கவும் இல்லை. இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது என்றார். எண்டோஸ்கோப்பியில் கட்டி தெரிந்தது. பருமனானவர் முயற்சி இல்லாமல் இளைத்தால் தயவுசெய்து பாராட்டாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தார் போலக் கறுத்த மலம், விழுங்கும்போது அடைப்பு, காரணம் தெரியாத ரத்தசோகை, அடிக்கடி வாந்தி இவற்றுக்கும் அப்படியே.

கிருமியைக் கண்டறிய மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் சதைத்துணுக்கு ஆகியவை உதவும். சிலர் ரத்தப் பரிசோதனை மட்டும் செய்துகொண்டு வருகிறார்கள். கிருமி போன பிறகும் அது நெடுநாள் பாசிட்டிவ் காட்டும் என்பதால் அதை வைத்து முடிவு செய்ய முடியாது. மருத்துவரிடம் கேட்டுவிட்டு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை 2 வாரமும் ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் நிறுத்திய பிறகே பரிசோதனைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வந்துவிடும்.

சிகிச்சை வழக்கமாக 14 நாள். வாய் கசக்கும், வயிறு கொஞ்சம் கலங்கும். அஞ்சாறு நாளில் எரிச்சல் போய்விட்டது என்று நிறுத்துகிறவர்கள் நிறைய. கிருமி அரைகுறையாக அடிபட்டால் மருந்துக்குப் பழகிக்கொள்ளும், அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். முழுதாக முடித்து, 4 வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து, கிருமி போய்விட்டதா என்று பார்த்துவிடுங்கள். வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப் புற்று வந்திருந்தால் அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை, வளர்ந்த பிள்ளைகள் எல்லோருமே தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிருமிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.